பழைய ஜீப்பில் ஆவிக்கசிவு: மூடியை மாற்றுவதா, கைப்பம்பா, புகைச் சோதனையா?

4.0 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின் போட்ட ஜீப் செரோக்கி, ரேங்லர் வண்டிகள் அமெரிக்காவில் இன்னும் நிறைய ஓடுகின்றன. எஞ்சின் லேசில் படுக்காது. ஆளைப் படுத்துவது செக் எஞ்சின் விளக்கு. 1990களின் கடைசியிலும் 2000ஐ ஒட்டியும் வந்த வண்டிகளில் அடிக்கடி வரும் பிழைக் குறியீடுகள் பி0442, பி0455, பி0456. மூன்றும் பெட்ரோல் ஆவி எங்கோ கசிகிறது என்றுதான் சொல்கின்றன. பி0455 என்றால் பெரிய கசிவு, பி0442 என்றால் ஒரு மில்லிமீட்டர் ஓட்டை, பி0456 என்றால் அரை மில்லிமீட்டர். எந்த இடத்தில் என்பதை ஸ்கேனர் சொல்லாது.

எல்லோரும் முதலில் செய்வது பெட்ரோல் மூடியை மாற்றுவது. அதில் தப்பில்லை. மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும், செலவும் குறைவு. சரியாகப் பொருந்தாத மலிவு மூடி புதுக் கசிவையே கொண்டுவரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மூடிக்கு அடுத்து ஆவியை எஞ்சினுக்குத் திறந்துவிடும் பர்ஜ் சொலினாய்ட் வால்வு, அப்புறம் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி கேனிஸ்டர் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போவதுதான் வம்பு. பணம் போவது ஒரு பக்கம். மாற்றிய பார்ட் பலன் தந்ததா என்பது அன்றைக்கே தெரியாது. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், டேங்கில் 15 முதல் 85 சதவீதம் பெட்ரோல் இருக்க வேண்டும், வெளியே கடும் குளிரோ கடும் வெயிலோ இருக்கக் கூடாது. இவையெல்லாம் கூடி வந்தால்தான் வண்டி தன் கசிவுச் சோதனையை ஓட்டும். அரிசோனா கோடையில் மதியம் வண்டியை எடுப்பவர் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும்.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று புரிந்தால் கைப்பம்பு, புகைச் சோதனை என்ற மற்ற இரண்டு வழிகளையும் எடைபோடுவது சுலபம். இந்த ஜீப்புகளில் லீக் டிடெக்‌ஷன் பம்ப் என்று ஒன்று உண்டு. எஞ்சினின் வெற்றிடம் அதன் ரப்பர்ச் சவ்வை (டயஃப்ரம்) மேலே இழுக்கும். விட்டதும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதைக் கீழே தள்ளி, காற்றை டேங்க் பக்கம் அனுப்பும். அழுத்தம் ஏற ஏற ஒரு தள்ளலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி கூடும். சுமார் 7.5 அங்குலத் தண்ணீர் அழுத்தம் வந்ததும் பம்ப் கிட்டத்தட்ட நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் கசிவு. எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்பதை வைத்து ஓட்டையின் அளவைக் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். அதாவது, கசிவைச் சொல்லும் கருவியும் உங்கள் ஜீப்பைப் போலவே இருபது வயது தாண்டிய ரப்பரும் ஸ்பிரிங்கும்தான்.

இதனால்தான் என் ஓட்டு முதலில் கைவெற்றிடப் பம்புக்கு. மீட்டர் வைத்த சாதாரண பம்ப் போதும். பர்ஜ் சொலினாய்டின் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பம்பை அதில் மாட்டி 15 அங்குலப் பாதரசம் வரை இழுங்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும். மெல்ல இறங்கினால் வால்வு சரியாக மூடவில்லை. பெட்ரோல் போட்டவுடன் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் வண்டிகளில் இது அடிக்கடி மாட்டும். அடுத்து, லீக் பம்புக்கு வெற்றிடம் கொண்டுபோகும் மெல்லிய ஹோஸைப் பாருங்கள். எஞ்சின் சூட்டில் அதன் ரப்பர் முழங்கை காய்ந்து, மடக்கினால் பிஸ்கட்டாக உடையும். இது உடைந்தால் பி1494 வரும். ஒன்று மட்டும் கவனம்: இந்தக் கைப்பம்பை டேங்க் பக்கம் மாட்டி இழுக்காதீர்கள். 7.5 அங்குலத் தண்ணீர் என்பது ஓர் அங்குலப் பாதரசம்கூட இல்லை. அந்தப் பக்கத்தை வண்டி சோதிக்கும் அழுத்தமே அவ்வளவுதான்.

குழாய்களுக்குள் புகையை ஏற்றி அது எங்கே வெளியே வருகிறது என்று பார்க்கும் புகைச் சோதனையின் பலம் வேறு. வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் கொட்டாமல் தடுக்க டேங்கின் உச்சியில் உள்ள ரோல்ஓவர் வால்வின் ரப்பர், பெட்ரோல் ஊற்றும் வாய்க்குழாயின் பின்புறம், கேனிஸ்டரின் விரிசல் என்று கையும் கண்ணும் எட்டாத இடங்களைப் புகை காட்டிக்கொடுக்கும். டேங்கை இறக்காமல் டேங்க் மேலே பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் இந்த ஜீப்புகளில் அதற்கு இரண்டு குருட்டு இடங்கள் இருக்கின்றன. நான் சொன்ன வெற்றிட ஹோஸ் எஞ்சின் பக்கத்தது, புகை அங்கே போகவே போகாது. இன்னொன்று லீக் பம்பில் காற்று போய்வரும் வென்ட் வால்வு. வண்டி நிற்கும்போது அது திறந்தே இருக்கும், புகை ஃபில்டர் வழியாகக் கொட்டும். மெக்கானிக் அந்த ஹோஸை அடைத்துவிட்டுத்தான் சோதிப்பார். அடைத்துவிட்டதால் வென்டே சரியாக மூடாத கோளாறும் சேர்ந்து மறைந்துபோகும். புகையில் எல்லாம் சுத்தம், ஆனால் பி0442 திரும்பத் திரும்ப வருகிறது என்றால் சந்தேகத்தை லீக் பம்பின் மேல் திருப்புங்கள்.

வீட்டிலேயே பேபி ஆயிலும் சூடாகும் கம்பியும் வைத்துப் புகை மெஷின் செய்கிறார்கள். இன்டேக் (எஞ்சினின் காற்றுவழி) கசிவு பார்க்க வைத்துக்கொள்ளட்டும். பெட்ரோல் ஆவி நிற்கும் டேங்கில் அதை மாட்டுவதை நான் ஏற்க மாட்டேன். தீப்பிடிக்காத நைட்ரஜனால் புகை ஏற்றும் வசதி உள்ள கடையில் ஒருமுறை காசு கொடுத்துப் பார்த்துவிடலாம்.

நாலாவதாக ஒரு யோசனையும் காதில் விழும்: எல்லாவற்றையும் கழற்றி எறிந்து ஹோஸ்களை அடைத்துவிடு என்பது. அமெரிக்காவில் அது மத்தியச் சட்டத்துக்கே விரோதம். டேங்க் மூச்சுவிடவும் வழியில்லாமல் போகும்.

கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. அங்கே ஸ்மாக் சோதனை எனப்படும் வண்டிப் புகைப் பரிசோதனையில், 2000 மாடலும் அதற்குப் பிந்தையதுமான பெட்ரோல் வண்டிகளுக்கு ஆவி மானிட்டர் (வண்டி தானே ஓட்டும் கசிவுச் சோதனை) ஒன்று மட்டும் முடியாமல் இருந்தாலும் தேர்ச்சி உண்டு. விளக்கு எரிந்தால் தோல்வி. அதனால் தேதி நெருங்கிவிட்டதென்று பதறிப் புதுக் கேனிஸ்டர் வாங்க வேண்டாம். கசிவைச் சரிசெய்து, பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு, மற்ற மானிட்டர்கள் முடியும்வரை ஓட்டிக்கொண்டு போனால் போதும்.