வாடகை வசூல் சாப்ட்வேர் வாங்கும் முன் கியூஆர் கோடு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

திருப்பூர், பல்லடம், சூலூர்ப் பக்கம் வாடகை வசூல், சைட் (வீட்டுமனை) விற்பனை என்று தொழில் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு சாப்ட்வேர் கம்பெனியின் ஆட்கள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். “நோட்டைத் தூக்கிப் போடுங்கண்ணா, எல்லாம் போன்லயே முடிஞ்சிடும்” என்பதுதான் பேச்சு. புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைச் சொல்லப் போவதில்லை. வந்து உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

வெளியூரில் இருப்பவர்களின் வீடுகள், பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள், கொஞ்சம் கடைகள் ஆகியவற்றை நான் பார்த்துக்கொள்கிறேன். வாடகை வாங்குவதிலிருந்து மோட்டார் ரிப்பேர் வரை எல்லாம் நம் தலையில்தான். ‘லைஃப்டைம்’ என்று சொல்லி 45,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும் வாங்கினார்கள். பணம் போன பிறகு மெயிலில் வந்த பில்லில் ‘12 மாதச் சந்தா’ என்று இருந்தது. கேட்டால், “அது ஃபார்மேட்டுங்ணா, கண்டுக்காதீங்க.”

டெமோவில் காட்டியது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒன்றாம் தேதி ஆனால் ஒரே தொகையாக வாடகை வந்து விழுகிறது. நம் லைன் வீடுகளில் அப்படியா நடக்கிறது? சனிக்கிழமை சம்பளம் வாங்கிவிட்டு 4,500 வாடகையில் இந்த வாரம் 2,000, அடுத்த வாரம் 1,500, மீதி அதற்கடுத்த வாரம் என்று கொடுப்பார்கள். 2,000 வரவு வைத்ததுமே சாப்ட்வேர் மீதியைச் சிவப்பில் காட்டி, தாமதக் கட்டணத்தையும் சேர்த்து, தானாகவே வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் அனுப்பிவிட்டது. அதுவும் இங்கிலீஷில். ஒடிசாத் தம்பி ஒருவர் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், “அண்ணா, காலி பண்ணணுமா?” என்று.

போக்கியத்துக்கு அதில் இடமே இல்லை. 5 லட்சம் வாங்கிக்கொண்டு விட்ட வீட்டுக்கு மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். “ரென்ட் என்ட்ரியில போடுங்க” என்றது சப்போர்ட். போட்டால் அந்த மாத வருமானத்தில் 5 லட்சம் ஏறி நிற்கிறது. ஆடிட்டர் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். சைட் கணக்கு இன்னொரு கூத்து. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இது 435 என்று போட்டுக்கொள்கிறது. ஒரு ஏக்கருக்கு 60 சதுர அடி காணாமல் போகும். வாடகை ஒப்பந்தம் தானாகவே தயாராகும் என்றார்கள். வந்து நின்றது மகாராஷ்டிராவில் பயன்படுத்தும் ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ படிவம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அந்த விஷயமே அவர்களுக்குத் தெரியவில்லை.

சரி, இதெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடிய சமாச்சாரம். பணத்தில் கை வைத்ததுதான் பெரிய விஷயம்.

குடியிருப்பவர் ஆப்பில் வரும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து வாடகை கட்டுவார். ஸ்கேன் செய்ததும் திரையில் வருவது வீட்டுக்காரர் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை; அந்தக் கம்பெனியின் பெயர். “சிஸ்டம் அப்படித்தாங்ணா, ரெண்டு நாள்ல உங்க அக்கவுண்ட்ல ஏறிடும்.” முதலில் ஏறவும் செய்தது. அப்புறம் ஒரு வாரம் ஆனது, அப்புறம் இன்னும் இழுத்தது. வரும்போது ‘பிளாட்ஃபார்ம் சார்ஜ்’ என்று 2 சதவீதம் பிடித்துக்கொண்டு வந்தது. வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐ வழியாகக் கட்டும் பணத்துக்கு வணிகரிடம் எம்டிஆர் (வங்கிகள் பிடிக்கும் சேவைக் கட்டணம்) வாங்கக் கூடாது என்பது 2020 ஜனவரியிலிருந்தே நடைமுறை. ஆகவே இந்த 2 சதவீதம் வங்கிக்குப் போவதல்ல, இவர்களே வைத்துக்கொள்வது.

கோபியில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவரின் வீட்டை நான்தான் பார்க்கிறேன். மருந்துச் செலவெல்லாம் அந்த வாடகையில்தான். அவர் போனில் கேட்டார்: “ஏங்கண்ணு, குடியிருக்கற பொண்ணு கட்டிட்டேன்னு ரசீதைக் காட்டுது. நீ இன்னும் வரலேங்கறே. நான் யாரை நம்பறது?” அந்த மாதம் என் கையிலிருந்து போட்டு அனுப்பினேன். கம்பெனியில் கேட்டால் “செட்டில்மென்ட் பெண்டிங்” என்ற ஒரே பதில், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் குரலில்.

மற்றவர்களின் பணத்தை இப்படி நடுவில் நின்று வாங்கித் தருவதற்கு ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் வேண்டும். பேமென்ட் அக்ரிகேட்டர் விதிமுறை 2020 மார்ச்சிலிருந்தே அதைத்தான் சொல்கிறது. அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியல் ரிசர்வ் வங்கி இணையதளத்திலேயே இருக்கிறது. இவர்கள் பெயரை அதில் தேடினேன், இல்லை. அனுமதி எண் கேட்டேன், “மேனேஜர் கூப்பிடுவார்” என்றார்கள். எந்த மேனேஜரும் கூப்பிடவில்லை.

எனக்குத் தெரிந்த லேஅவுட் அண்ணன் ஒருவரிடமும் இதே ஆட்கள் போய், சைட் தவணைகளை ஆப் வழியாக வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் விவரமானவர். ரெரா என்கிற ரியல் எஸ்டேட் சட்டப்படி வாங்குகிறவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கென்றே உள்ள தனி வங்கிக் கணக்கில் போக வேண்டும். நடுவில் உங்கள் கணக்கு எதற்கு என்று கேட்டிருக்கிறார். காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்களாம்.

வருடம் முடிந்ததும் ‘ரினியூவல்’ கட்டச் சொன்னார்கள். லைஃப்டைம் என்று எழுதிய வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினேன். லாகின் பூட்டப்பட்டது. யார் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தார்கள், எந்தக் கடைக்கு எப்போது வாடகை உயர்த்த வேண்டும், எல்லாம் உள்ளே. எக்செல்லில் கொடுங்கள் என்றால் ‘டேட்டா ரிலீஸ் சார்ஜ்’ 30,000 ரூபாய். என் கணக்கை எனக்கே விற்கிறார்கள்! ஆபீஸ் பையன் பழக்கத்தில் நோட்டிலும் எழுதி வந்ததால் முக்கால்வாசி மீண்டது. குடியிருப்பவர்களின் ஆதார் நகல்கள் இன்னும் அவர்களிடம்தான் கிடக்கின்றன. அழிக்கச் சொல்லி அனுப்பிய மெயிலுக்குப் பதில் இல்லை. எந்த ஆப்பிலும் ஏற்றுவதானால் கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரையே வாங்கி ஏற்றுங்கள்.

“நீங்க தொழிலுக்கு வாங்குனது, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது” என்று மிரட்டுவார்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காகச் செய்யும் சுயதொழில் என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. நாம் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணமும் கிடையாது. நான் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அதில் வேலை நடக்காததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். பில், வாட்ஸ்அப் பேச்சு, வங்கி ஸ்டேட்மென்ட் மூன்றையும் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எஸ்எம்எஸ் பேக் என்று சொல்லி யூபிஐ ஆட்டோபே (பணத்தைத் தானாகவே பிடித்துக்கொள்ளும் அனுமதி) போட வைத்திருப்பார்கள். லாகின் பூட்டிய பிறகும் என் கணக்கில் 1,180 ரூபாய் பிடித்தார்கள். 15,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காமலேயே போகும். முந்தின நாள் வந்த வங்கிச் செய்தியை இரைச்சலில் யாரும் கவனிப்பதில்லை. உங்கள் யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்து, அவர்கள் பெயரில் இருக்கும் அனுமதியை ரத்து செய்யுங்கள். அதற்கு அவர்களிடம் கேட்கத் தேவையில்லை. ரத்தானதாக வரும் திரையைப் படம் பிடித்து வையுங்கள். அதற்குப் பிறகும் பிடித்தால், அந்தப் படத்தோடு வங்கியில் எழுத்து மூலமாகப் புகார் கொடுக்கலாம்.