ஹைன்ஸா, டக்கரா, மார்பரியா? வெளிநாட்டில் ஆடப்போன மூன்று அமெரிக்கர்கள்

ஜெர்மனியின் பவேரியாவில் பாம்பெர்க் என்றொரு ஊர். மக்கள்தொகை ஒரு லட்சத்தைக்கூடத் தொடாது. ஆனால் கூடைப்பந்துப் பைத்தியம் தலைக்கேறியதால் ‘ஃப்ரீக் சிட்டி’ என்றே பெயர் வாங்கிய ஊர். 2011இல் அந்த ஊர் அணி ஜெர்மன் லீக் பட்டத்தை வென்றபோது, இறுதிச்சுற்றின் சிறந்த வீரர் விருது கைல் ஹைன்ஸுக்குக் கிடைத்தது. அந்தக் கோடையில் அவர் கிளம்ப, பி.ஜே. டக்கர் வந்து சேர்ந்தார். 2012இலும் பட்டம் பாம்பெர்க்குக்கே. அதே விருது டக்கருக்கு. இருவரும் அமெரிக்கர்கள், இருவரும் இரண்டு மீட்டருக்கும் குறைவான உயரம், இருவருக்குமே கூடைக்கு அடியில் மல்லுக்கட்டுகிற உடல்வாகு. அதன்பின் ஹைன்ஸ் ஐரோப்பாவிலேயே நிலைத்தார், டக்கர் அமெரிக்காவின் முதன்மை லீகான என்.பி.ஏ.வுக்குத் திரும்பினார். என்.பி.ஏ. கதவு திறக்காத அமெரிக்க வீரன் எந்தப் பாதையில் போகலாம் என்ற கேள்விக்கு இவ்வளவு பொருத்தமான ஜோடி வேறு அமையாது. மூன்றாவதாக சீனா என்றொரு பாதையும் இருக்கிறது. அதற்கு ஸ்டெஃபன் மார்பரி.

முதலில் ஹைன்ஸ். நியூ ஜெர்சிக்காரர். வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ என்ற சிறிய பல்கலைக்கழக அணிக்கு ஆடினார். 2008 டிராஃப்டில், அதாவது என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், அவரை யாரும் எடுக்கவில்லை. ஆடுவது சென்டர் இடம் (வழக்கமாக அணியின் மிக உயரமானவர் கூடைக்கு அருகே ஆடும் இடம்), உயரமோ 1.98 மீட்டர், அமெரிக்கக் கணக்கில் அது ஒத்துவராது. இத்தாலியின் இரண்டாம் நிலை லீக்கில் வெரோலி என்ற அணியில் தொடங்கினார். அங்கிருந்து பாம்பெர்க், பிறகு கிரீஸின் ஒலிம்பியாகோஸ். ஐரோப்பாவின் தலைசிறந்த கிளப்புகள் மோதும் யூரோலீக்கின் 2012 இறுதிப்போட்டி இஸ்தான்புல்லில் நடந்தது. சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோவிடம் 19 புள்ளி பின்தங்கிய ஒலிம்பியாகோஸ், பிரிண்டெஸிஸ் கடைசி நொடியில் போட்ட பந்தால் 62-61 என வென்றது. மறு ஆண்டும் பட்டம். பிறகு தோற்கடித்த அந்த மாஸ்கோ அணிக்கே போய் ஏழு சீசன் ஆடி 2016, 2019 என இன்னும் இரண்டு யூரோலீக் வென்றார். கடைசியில் மிலானோ, 2024இல் ஓய்வு.

நான்கு யூரோலீக் பட்டங்கள், மூன்று முறை சிறந்த தற்காப்பு வீரர் விருது. இத்தனைக்கும் அவருடைய யூரோலீக் சராசரி ஆட்டத்துக்கு 10 புள்ளியைத் தொடாது. அப்படியானால் அவர் செய்தது என்ன? ‘பிக் அண்ட் ரோல்’ ஆட்டத்தில், அதாவது சக வீரர் ஒருவர் தடுப்பாளரை மறித்து வழிவிட, எதிரணி கார்ட் (பந்தை நடத்திச் செல்லும் வீரர்) பந்தோடு பாயும்போது, பெரும்பாலான சென்டர்கள் பின்வாங்கிக் கூடையைக் காப்பார்கள். ஹைன்ஸ் அந்த கார்டையே மறித்து நிற்பார். அடுத்த நொடி 2.10 மீட்டர் ஆளோடு கூடைக்கு அடியில் மோதுவார். புள்ளிவிவரப் பட்டியலில் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. ஐரோப்பியப் பயிற்சியாளர்களுக்கு அது கண்ணில் பட்டது.

டக்கரின் கதை கீழே விழுந்து எழுந்த கதை. டெக்சாஸ் பல்கலைக்கழக நட்சத்திரம். 2006 டிராஃப்டில் 35ஆம் இடத்தில் என்.பி.ஏ. அணியான டொராண்டோ எடுத்தது. 17 ஆட்டம் ஆடியதும் விடுவித்தது. பிறகு ஐந்து ஆண்டு நாடோடி வாழ்க்கை: இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி, போர்ட்டோ ரிக்கோ, ஜெர்மனி. 2008இல் ஹப்போயெல் ஹோலோனோடு சேர்ந்து, 14 ஆண்டு தொடர்ச்சியாக இஸ்ரேல் பட்டத்தை வைத்திருந்த மக்காபி டெல் அவிவை வீழ்த்தினார். போன இடத்திலெல்லாம் புள்ளி குவிக்கும் நாயகன் அவர்தான். 2012இல் என்.பி.ஏ. அணியான ஃபீனிக்ஸ் அவரை அழைத்தபோது அந்த நாயக வேடத்தைக் கழற்றி வைத்தார். எதிரணியின் சிறந்த வீரனைக் காப்பது, மூலையில் நின்று மூன்று புள்ளி எறிவது, சிதறும் பந்துக்குத் தரையில் விழுவது; இவ்வளவுதான் இனி தன் வேலை என்று ஏற்றுக்கொண்டார். என் கண்ணுக்கு அவருடைய உண்மையான சாதனை இந்த மாற்றம்தான். முப்பதை நெருங்கும் வயதில் தன் ஆட்டத்தையே மாற்றிக்கொள்ள எல்லோருக்கும் மனம் வராது. 2021இல் மில்வாக்கியோடு என்.பி.ஏ. பட்டம் வென்றார், இறுதிச்சுற்றில் எதிரே நின்றது அதே ஃபீனிக்ஸ்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். 2020 பிப்ரவரியில் ஹூஸ்டன் தன் உயரமான சென்டரை வேறு அணிக்கு அனுப்பிவிட்டு 1.96 மீட்டர் டக்கரை அந்த இடத்தில் நிறுத்தியது. புரட்சி என்று அமெரிக்காவே பேசியது. ஹைன்ஸ் அதே வேலையை ஐரோப்பாவின் உச்ச மேடையில் எட்டு ஆண்டுக்கும் மேலாகச் செய்துகொண்டிருந்தார்.

பணத்தில் டக்கர் கை ஓங்கிவிட்டது, சந்தேகமில்லை. 2022இல், 37 வயதில், பிலடெல்ஃபியா அவருக்கு மூன்று ஆண்டுக்குச் சுமார் 3.3 கோடி டாலர் ஒப்பந்தம் தந்தது. ஐரோப்பாவில் அந்தத் தொகையை நினைத்தும் பார்க்க முடியாது. அங்கே ஒப்பந்தங்களை வரி போக நிகரத் தொகையில்தான் பேசுவார்கள். வீடும் காரும் பெரும்பாலும் கிளப் பொறுப்பு. சின்ன கிளப்புகளில் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையாவதும் உண்டு. அந்தத் தகராறுகளைத் தீர்க்கவே 2007இல் ஜெனீவாவில் தனி நடுவர் மன்றம் ஒன்றைச் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா அமைத்தது.

சீனா வேறு உலகம். மார்பரி ஏற்கெனவே பெரிய ஆள்: 1996 டிராஃப்டில் நான்காம் இடம், இரண்டு முறை என்.பி.ஏ.வின் ஆல்-ஸ்டார் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர். நியூயார்க் நிக்ஸில் எல்லாம் கசந்து, மனச்சோர்வோடு போராடிய காலத்துக்குப் பின், 2010 ஜனவரியில் ஷான்ஷி அணிக்குப் போனார். அடுத்து ஃபோஷான், பிறகு பெய்ஜிங். முந்தைய எட்டு சீசன்களில் ஏழை வென்றிருந்த குவாங்டோங்கை 2012 இறுதிச்சுற்றில் பெய்ஜிங் வீழ்த்தியது. 2014, 2015இலும் பட்டம். நகரத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். சீனாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை அட்டையும் கிடைத்தது. வந்த வெளிநாட்டவர் பலர் சீசன் முடிந்ததும் விமானம் ஏறியபோது, மார்பரி அந்த ஊர்க்காரராகவே வாழ்ந்தார், மெட்ரோ ரயிலில் போய்வந்தார்.

ஆனால் மார்பரியைப் பார்த்து இன்னொருவர் சீனாவைத் தேர்ந்தெடுத்தால் நான் தயங்குவேன். அந்த லீக் வெளிநாட்டு வீரரிடம் எதிர்பார்ப்பது புள்ளி மழை. ஷாங்காய்க்கு ஆடிய ஜிம்மர் ஃப்ரெடெட் 2017இல் ஒரே ஆட்டத்தில் 73 புள்ளி எடுத்தார். அவர் அணி தோற்றது. சீனாவில் ஆட்டத்துக்கு 35க்கு மேல் சராசரி வைத்திருந்தவர், 2019இல் ஏதென்ஸின் பனதினைகோஸுக்கு வந்தபோது அதில் பாதியைக்கூட எட்டவில்லை. திறமை ஒன்றும் குறைந்துவிடவில்லை. சீனாவில் ஆட்டம் 48 நிமிடம், பந்து எப்போதும் அவர் கையில். யூரோலீக்கில் 40 நிமிடம், பந்தைப் பகிர வேண்டும். தவிர, ஃபிபா விதியில் தற்காப்புக்கு மூன்று நொடித் தடை (யாரையும் காக்காமல் கூடைக்கு முன்னே மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற என்.பி.ஏ. விதி) இல்லாததால் கூடைக்கு முன்னே எப்போதும் ஒரு பெரிய ஆள் மறித்து நிற்கலாம். இப்படி ஒவ்வொரு லீக்கும் தனக்கேற்ற வீரனைச் செதுக்கிக்கொள்கிறது. போகிறவன் சம்பளத்தைப் பார்க்கும் முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்தில் சீன சீசன் வசந்தத்துக்குள் முடிந்துவிடும், பிறகு என்.பி.ஏ.வில் நுழையலாம் என்ற ஆதாயம் இருந்தது உண்மை. அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. 2011இல் என்.பி.ஏ. உரிமையாளர்கள் ஒப்பந்தத் தகராறில் லீக்கையே நிறுத்திய கதவடைப்பின்போது சீனா போன ஜே.ஆர். ஸ்மித், வில்சன் சாண்ட்லர் போன்றோருக்கு இடையில் விலகும் வசதி தரப்படவில்லை. டிசம்பரில் என்.பி.ஏ. தொடங்கியும் அவர்கள் அங்கேயே ஆட வேண்டியிருந்தது.

பந்தைத் தானே வைத்துக்கொண்டு புள்ளி எடுக்கும் கார்டாக இருந்தால் சீனா. ஒரே ஒரு வேலையை உலகத்தரத்தில் செய்ய முடிந்து, மற்ற ஆசைகளைக் கைவிடவும் முடிந்தால் டக்கரின் பாதை. அது எவ்வளவு குறுகலானது என்பதற்கு, ஐந்து ஆண்டு வெளியே இருந்துவிட்டுத் திரும்பி நிலைத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தாலே போதும். மூவரில் பெரிய வாழ்க்கை யாருடையது என்று கேட்டால் என் பதில் ஹைன்ஸ். ஐரோப்பிய கிளப்புகளில் ஒரு சீசன் சறுக்கினால் முதலில் வெளியேறுவது வெளிநாட்டவர்தான். பெரும்பாலானோருக்கு ஒப்பந்தமே ஓராண்டுக்குத்தான். அந்தச் சூழலில் 13 ஆண்டு, மூன்று பெரிய கிளப்புகளில், புள்ளிக் கணக்கின் துணை இல்லாமல், ஆட்டத்தைப் படிக்கும் கண்ணை மட்டும் நம்பி அவர் நின்றார். ஒரு என்.பி.ஏ. ஆட்டம்கூட ஆடாததை அவருடைய குறையாக இன்றும் சிலர் சொல்கிறார்கள். அவரைத் தவறவிட்டது அந்த லீக்கின் குறை என்றே நான் சொல்வேன்.