பயந்த குட்டிக்கு எந்த வீடு: தோட்ட வீடா, அபார்ட்மென்ட்டா, இன்னொரு நாய் இருக்கும் வீடா?

தெருவில் சிறு வயதிலேயே மீட்டு, எங்கள் காப்பகத்தில் வளர்ந்த ஏழெட்டு மாத நாட்டு நாய்க்குட்டி. ஆள் வந்தாலே வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு சுவரோரமாக நழுவுகிறது. தத்துக் கொடுக்கப் போகிறோம் என்றதும் மூன்று விதமான வீடுகளிலிருந்து கேட்டு வருகிறார்கள்.

பலரும் தலையாட்டுவது தோட்டமுள்ள தனி வீட்டுக்கு. "ஓடியாட நல்ல இடம் இருக்குங்க" என்பார்கள். எனக்கு அதிகம் தயக்கம் வருவது அங்கேதான். பயந்த குட்டிக்கு முதலில் வேண்டியது ஒளிந்துகொள்ள ஒரு மூலையும், தினமும் பக்கத்தில் உட்கார ஒரு ஆளும். தனி வீட்டில் பெரும்பாலும் நாயை வெளியே விட்டுவிடுகிறார்கள். காருக்கு அடியிலேயே மாதங்கள் ஓடிவிடும். வாசல் கேட்டும் ஒரு ஆபத்து. கூரியர்காரர் திறந்த இடைவெளி போதும், குட்டி தெருவுக்குப் போய்விடும். பழகாத ஏரியாவில் மிரண்டோடும் நாய், பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூட இன்னும் தூரம் ஓடும். தீபாவளி நேரத்தில் கேட்கவே வேண்டாம். "ராத்திரி எங்கே படுக்கும்?" என்று கேளுங்கள். "வீட்டுக்குள்ள" என்று பதில் வந்தால் மட்டும் மேலே பேசலாம்.

அபார்ட்மென்ட்டில் லிஃப்ட், படிக்கட்டு, மேல்மாடி டிரில்லிங் எல்லாமே தொல்லைதான். ஆனால் ஆட்கள் கண்ணெதிரே இருக்கிறார்கள். குக்கர் விசிலுக்குத் துள்ளி எழுந்த குட்டி, சில வாரங்களில் காதை மட்டும் திருப்பிவிட்டுத் தூங்கும். நாய் வளர்க்க அசோசியேஷன் தடை போட முடியாது, லிஃப்டையும் மறுக்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. தரைத்தளமோ முதல் மாடியோ என்றால் எனக்குச் சம்மதம்.

நான் முதலில் தேர்ந்தெடுப்பது, நிதானமான வளர்ந்த நாய் ஒன்று ஏற்கெனவே இருக்கும் வீடு. பெரிய நாய் நேரே போய்க் கையிலிருந்து பிஸ்கட் வாங்கும். கட்டிலடியில் குட்டி அதையே பார்த்துக்கொண்டிருக்கும். பிறகொரு நாள், பின்னங்காலை அங்கேயே ஊன்றிக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டி, கை நுனியை மோந்து பார்க்கும். மனிதர்கள் எவ்வளவு கொஞ்சினாலும் அந்தத் தைரியம் இவ்வளவு சீக்கிரம் வராது. பெரிய நாய் சிடுசிடுப்பாகவோ மூட்டுவலியோடோ இருந்தால் கொடுக்கவே வேண்டாம். முதல் சந்திப்பைத் தெருவில், இரண்டையும் ஒரே திசையில் நடத்திக்கொண்டே வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுத் தட்டு தனித்தனி.

"பழைய தெருவிலேயே விட்டுடலாமே?" என்றும் கேட்பார்கள். கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் போட்ட தெரு நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள். அந்தத் தெருவிலேயே வளர்ந்த நாய்க்கு அது சரி. சிறு வயதிலேயே தூக்கிவந்து காப்பகத்தில் வளர்த்த குட்டிக்குத் தெரு ஏது? அங்குள்ள நாய்கள் கிட்டவே சேர்க்காது.

ஃபாஸ்டர் வீட்டில், அதாவது தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் கொஞ்ச நாள், பிறகு வேறு வீடு என்று மாற்றினால் குட்டி மறுபடியும் மிரளும். அதனால் தத்தெடுப்பவர் வீட்டையே ஃபாஸ்டர் வீடாகத் தொடங்கச் சொல்கிறேன். ஒத்துவரவில்லை என்றால் குட்டியை எங்களிடமே திருப்பித் தரலாம். ஒப்படைக்கும் நாளில் காலருக்கு ஒன்று, மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸுக்கு ஒன்று என இரண்டு கயிறு கட்டி, ஆட்டோவைத் தவிர்த்து மூடிய காரில் கூட்டிப் போங்கள். முதல் வாரம் குளிப்பாட்டவும் வேண்டாம், சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டவும் வேண்டாம்.