வேடந்தாங்கலா, பழவேற்காடா? மழையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

சென்னையிலிருந்து காரில் கிளம்பி, பறவை பார்த்துவிட்டு அன்றே திரும்ப இரண்டு திசைகள் உண்டு. தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில் படாளத்தில் பிரிந்தால் வேடந்தாங்கல். வடக்கே தடாவைத் தாண்டி, சூலூர்பேட்டையில் வலப்புறம் திரும்பினால் பழவேற்காடு ஏரியின் குறுக்கே ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை. இரண்டும் ஏறக்குறைய 80 கி.மீ.தான். தூரத்தை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை எப்படிப் பெய்தது என்பதைப் பாருங்கள்.

வேடந்தாங்கலில் ஏரி நிரம்பி, நீர்க்கடம்ப மரங்களின் அடி தண்ணீரில் நின்றால்தான் பறவைகள் கூடு கட்டும். தண்ணீர்தான் கூட்டுக்கு வேலி. மழை பொய்த்த ஆண்டில் அங்கே போவது வீண். பழவேற்காட்டில் கதை தலைகீழ். அங்கே தேடிப் போவது பூநாரையை, அதாவது ஃபிளமிங்கோவை. அது சேற்றில் நின்று, தலையைக் கவிழ்த்து, அலகால் வடிகட்டித் தின்னும் பறவை. பெருமழைக்குப் பிறகு தண்ணீர் ஆழமாக இருக்கும்வரை சாலையோரத்தில் அதைத் தேடிப் பயனில்லை. அப்படிப்பட்ட ஆண்டில் டிசம்பரில் தெற்கே போய்விட்டு, தண்ணீர் இறங்கியதும் பிப்ரவரியில் வடக்கே போங்கள்.

நேரமும் எதிரெதிர். வேடந்தாங்கலுக்கு மாலை 4 மணி சரி. இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்து இறங்கும். சுமார் 30 ஹெக்டேர்தான் என்பதால் கரையில் நடந்தபடியே 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும்) பைனாகுலரில் கூட்டுக்குள் நடப்பதுவரை தெரியும். நத்தைகுத்தி நாரையின் அலகைக் கவனியுங்கள்: மூடியிருக்கும்போதும் நடுவில் ஓர் இடைவெளி. குஞ்சுகளுக்கு அது இருக்காது, வளர வளரத்தான் வரும். மஞ்சள்மூக்கு நாரையின் வாலருகே இளஞ்சிவப்பைப் பார்த்துவிட்டு "ஃபிளமிங்கோ!" என்று கூவுபவர்கள் எல்லா ஞாயிறும் உண்டு.

பழவேற்காட்டுக்கு விடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். ஒன்பதரைக்கு மேல் கானல் எழும்பிவிடும். பிறகு டெலஸ்கோப் வைத்தாலும் பூநாரை நெளியும் வெள்ளைக் கோடுதான். சாலை ஏறக்குறைய கிழக்கு மேற்காகப் போகிறது. குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அதனால் வடபுறம் நிற்கும் பறவைகள்மீதுதான் நல்ல வெளிச்சம் விழும், தென்புறத்தில் வெறும் நிழலுருவம்.

இங்கே காரே மறைவிடம். இன்ஜினை அணையுங்கள், இல்லாவிட்டால் அதிர்வில் படம் கலங்கும். கண்ணாடியை இறக்கி, ஒரு கிலோ பயறு போட்ட துணிப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்து இறங்கினால் 50 மீட்டரில் மேய்ந்த பவளக்கால் உள்ளான்கூட எழும்பிப் போய்விடும். பலர் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில்: ஓரத்துச் சேறு மேலே காய்ந்து தரை போலத் தெரியும், சக்கரம் இறங்கினால் டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும். பஸ்களும் வேகமாக வரும். கெட்டியான, அகலமான இடம் பார்த்து மட்டும் நிறுத்துங்கள். சூலூர்பேட்டையிலேயே பெட்ரோலும் டிபனும் முடித்துவிடுங்கள். எதிர்முனையில் விண்வெளி மையத்தின் கேட்தான், அதற்குமேல் விடமாட்டார்கள்.

துணை இடங்களில் வேடந்தாங்கலுக்குப் பக்கத்துக் கரிக்கிலி வாத்துகளுக்கு நல்லது. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து பார்க்கலாம். வடக்கே நேலப்பட்டு கூழைக்கடாக்களுக்கு (பெலிகன்).

சிறுபிள்ளைகளோடு, ஒரே பைனாகுலரைக் கைமாற்றிப் பார்ப்பவர்கள் என்றால் வேடந்தாங்கல்தான். கழிப்பறை உண்டு, காவல்கோபுரம் உண்டு, ஏமாற்றம் குறைவு. நடக்க முடியாத பெரியவர்களை அழைத்துப் போகிறீர்களா, பழவேற்காடு. இருக்கையை விட்டு எழாமலே பார்க்கலாம். சூலூர்பேட்டையில் பறவைத் திருவிழா நடக்கும் நாட்களில் மட்டும் வேண்டாம். அன்று சாலை முழுக்க வண்டிதான், பறவை தொலைவில்.