கன்னியாகுமரியைத் தொலைத்த வரைபடம்: ஜியோபாண்டாஸ், ஜிஜிபிளாட், டிமேப், லீஃப்லெட்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு அதிகமுள்ள மாவட்டம் கன்னியாகுமரி, 91.75 விழுக்காடு. நான் முதன்முதலாக வரைந்த எழுத்தறிவு வரைபடத்தில் அந்த மாவட்டமே இல்லை. தூத்துக்குடியும் நீலகிரியும்கூட இல்லை. மூன்றும் மாநிலத்தின் ஓரத்தில் இருப்பவை. பின்னணி வெள்ளை, விடுபட்ட இடமும் வெள்ளை. நடுவில் கரூரோ திருச்சியோ விடுபட்டிருந்தால் ஓட்டையாகத் தெரிந்திருக்கும். ஓரம் போனதால் எனக்கு உறுத்தவே இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்த நாகர்கோவில்காரர் திரையை எட்டிப் பார்த்து, "எங்க ஊரைக் காணோமே சார்" என்றபோதுதான் தெரிந்தது.

அன்று நான் பயன்படுத்தியது பைத்தான் நிரல்மொழியில் வரைபடம் வரைய உதவும் ஜியோபாண்டாஸ் பேக்கேஜ். அதன்பிறகு அதே வேலையை ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியின் ஜிஜிபிளாட்2, டிமேப், லீஃப்லெட் ஆகிய மூன்று பேக்கேஜ்களிலும் செய்து பார்த்துவிட்டேன். வரையும் நிரல் எல்லாவற்றிலும் நாலைந்து வரிதான். எது அழகு என்பதும் பெரிய விஷயமில்லை. நாம் ஒன்றும் சொல்லாமல் விட்டால் அதுவாக என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் நான் ஒரு கருவியை எடைபோடுகிறேன்.

முதலில் அந்தக் காணாமல் போன சமாசாரம். காரணம் எழுத்துக்கூட்டல். கணக்கெடுப்பு அட்டவணையின் ஆங்கிலப் பெயர்களில் கன்னியாகுமரிக்கு இரண்டு என், தூத்துக்குடிக்கு இரண்டு கே, நீலகிரிக்கு முன்னால் ஒரு ‘தி’. மாவட்டங்களின் வடிவம் இருக்கும் எல்லைக் கோப்பில் இவை எதுவும் இல்லை. விழுப்புரம் இன்னும் சிக்கல்: அட்டவணையில் ஒரு எல், இரண்டு பி, புழக்கத்தில் இரண்டு எல், ஒரு பி. பெயரை வைத்து இரண்டு கோப்புகளை இணைக்கும்போது ஓர் எழுத்து மாறினாலும் பொருந்தாது. இணைக்கும் வேலையைச் செய்யும் பாண்டாஸின் மெர்ஜ் கட்டளை, நாம் ‘லெஃப்ட்’ (முதல் கோப்பின் எல்லா வரிசையையும் வைத்துக்கொள்) என்று சொல்லாவிட்டால், பொருந்தாத வரிசையைச் சத்தமில்லாமல் நீக்கிவிடும். ‘லெஃப்ட்’ என்று சொன்னாலும் ஜியோபாண்டாஸ் மதிப்பில்லாத மாவட்டத்தை வரைவதே இல்லை. விடுபட்டவற்றுக்கு என்ன நிறம் என்று தனியாகச் சொன்னால்தான் வரையும். இரண்டு இடத்திலும் நாமே விழித்திருக்க வேண்டும்.

ஆரில் பெரும்பாலோர் அதே வகையான லெஃப்ட் ஜாயின் போட்டே பழகியவர்கள், அதனால் மாவட்டம் தப்பித்துவிடும். அப்புறம் ஜிஜிபிளாட் அதற்குச் சாம்பல் நிறம் பூசும். ஆனால் தொடர் நிறப்பட்டையாக வரும் லெஜெண்டில் (எந்த நிறத்துக்கு எந்த எண் என்று சொல்லும் குறிப்பில்) அந்தச் சாம்பலுக்கு இடமில்லை, பார்ப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். டிமேப் மட்டும்தான் கேட்காமலே லெஜெண்டில் ‘மிஸ்ஸிங்’ என்று ஒரு கட்டம் போட்டுக் காட்டுகிறது. அந்த ஒரு கட்டம் அன்று இருந்திருந்தால் நாகர்கோவில்காரர் கேட்கும்வரை நான் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது. (நிரந்தரத் தீர்வு பெயரை விட்டுவிட்டு எண்ணால் இணைப்பது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு 602 முதல் 633 வரை எண்கள் உண்டு, சென்னை 603. எண்ணுக்கு எழுத்துப்பிழை கிடையாது.)

அடுத்தது வகுப்புப் பிரிப்பு, அதாவது எண்களைச் சில வகுப்புகளாக வெட்டி வகுப்புக்கு ஒரு நிறம் கொடுப்பது. வரைபடம் உண்மை சொல்கிறதா இல்லையா என்பது இங்கேதான் முடிவாகிறது. எழுத்தறிவு சாதுவான தரவு: கீழே தருமபுரி 68.54, மேலே கன்னியாகுமரி 91.75, மற்றவை நடுவில் பரவலாக. எப்படிப் பிரித்தாலும் ஓரளவு நியாயமான படம் வரும். மக்கள் அடர்த்தியை எடுத்துப் பாருங்கள். மாநிலச் சராசரி சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். சென்னையில் 26,000-க்கும் மேல். சென்னைக்கு அடுத்து வரும் கன்னியாகுமரியே சுமார் 1,100தான்.

இதை ஜிஜிபிளாட்டில் அப்படியே வரைந்தால், மாநிலம் முழுக்க ஒரே கருநீலம், வடகிழக்கு மூலையில் சென்னை மட்டும் வெளிர்நீலப் பொட்டு. 31 மாவட்டங்களுக்குள் எந்த வித்தியாசமும் தெரியாது. போதாததற்கு ஜிஜிபிளாட்டின் இயல்பு நிறவரிசை கருமையில் தொடங்கி வெளிர்மையில் முடிகிறது. வெள்ளைத் தாளில் அடர்ந்த நிறத்தைப் பார்த்தால் நம் கண் அதை ‘அதிகம்’ என்றுதான் எடுத்துக்கொள்ளும். 1826-ல் பிரான்சில் ஷார்ல் துப்பேன் கல்வி நிலையைக் காட்ட வரைந்த படம்தான் எண்ணுக்கு ஏற்ப இடங்களுக்கு நிறம் பூசும் இந்த வகையில் முதலாவது என்பார்கள். அதில் கல்வி குறைந்த இடங்கள் கறுத்திருந்தன. அறியாமையின் இருள் என்று பார்த்தவருக்குப் புரிந்தது. அவர் எண்ணிச் செய்தது அது. ஜிஜிபிளாட்டில் நாம் எண்ணாமலே நடந்துவிடுகிறது. திருப்பிப் போட ஒரு சொல் போதும், ஆனால் திருப்ப வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

டிமேப்பும் சும்மா விட்டால் இங்கே தடுமாறும். வட்டமான எண்களாகப் பார்த்து ஐயாயிரம் ஐயாயிரமாகப் பிரிக்கும். 31 மாவட்டங்களும் முதல் வகுப்பில் விழும், சென்னை மட்டும் கடைசி வகுப்பில். ஆனால் ஒரு சொல்லை மாற்றினால் போதும். ‘குவான்டைல்’ என்றால் வகுப்புக்கு ஆறேழு மாவட்டங்களாகச் சமமாகப் பங்கிடும். ‘ஜெங்க்ஸ்’ என்றால் எண்களுக்கு இடையே இயல்பாக உள்ள இடைவெளிகளைத் தேடி வெட்டும். சென்னை தனி வகுப்பாகிவிடும், மற்ற மாவட்டங்களுக்குள் உள்ள ஏற்றத்தாழ்வு தெரியத் தொடங்கும். ஒரு வரைபடத்துக்கு மூன்று விதமாகப் பிரித்துப் பார்க்காமல் நான் எதையும் வெளியே அனுப்புவதில்லை. டிமேப்பில் அது அரை நிமிட வேலை. ஜியோபாண்டாஸிலும் இது எளிதுதான், மேப்கிளாசிஃபை என்ற துணைப் பேக்கேஜை நிறுவியிருந்தால். ஜிஜிபிளாட்டில் எல்லைகளை கிளாஸ்இன்ட் பேக்கேஜ் வைத்து நாமே கணக்கிட்டு, வெட்டி, பெயரிட்டுக் கொடுக்க வேண்டும். முடியாதது இல்லை. ஆனால் சிரமம் என்பதாலேயே பலரும் முதலில் வந்த படத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

ஆகவே என் தேர்வு டிமேப். குறை இல்லாமல் இல்லை: நெதர்லாந்து புள்ளியியல் துறையைச் சேர்ந்த மார்டைன் டெனெக்கெஸ் உருவாக்கிய இந்தப் பேக்கேஜ், நான்காம் பதிப்பில் எழுதும் முறையையே மாற்றிக்கொண்டது. பழைய நிரல் ஓடும், ஆனால் திரை நிறைய அறிவுரை வரும். இணையத்தில் கிடைக்கும் உதாரணங்களில் பாதி பழைய முறையில் இருப்பதால் புதிதாகக் கற்பவர்கள் குழம்புகிறார்கள். வரைபடத்தோடு கோட்டுப்படம், பட்டைப்படம் எல்லாம் ஒரே எழுத்துருவில் ஒரே அறிக்கையில் வேண்டும் என்றால் மட்டும் நான் ஜிஜிபிளாட்டுக்குப் போகிறேன். அந்த இடத்தில் அதற்கு நிகர் இல்லை.

ஆரின் பழைய மேப்ஸ் பேக்கேஜைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க மாநிலங்களும் கவுன்டிகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன, இந்திய மாவட்டங்கள் இல்லை. நிறங்களை வரிசைப்படி பூசுவதால், தீவுகளாகப் பிரிந்து கிடக்கும் ஒரு கவுன்டி பல துண்டுகளாக எண்ணப்பட்டால் அதற்குப் பின்னால் வரும் எல்லா நிறமும் நகர்ந்துவிடும். ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளின் உரிமம் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு அதில் ஓடும் ஸ்பிமேப் கட்டளை போதும். இதற்காகவென்று வாங்க வேண்டாம்.

லீஃப்லெட்டின் களம் வேறு. தொட்டால் மாவட்டத்தின் பெயரும் எண்ணும் வர வேண்டும், பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்றால் அதுதான். அதில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. குவான்டைல் நிறம் கொடுத்தால் லெஜெண்டில் 0–20%, 20–40% என்று வரும். எழுத்தறிவு வரைபடத்தில் அதைப் பார்ப்பவர், இருபது விழுக்காடு பேருக்குத்தான் எழுத்தறிவு என்று படித்துவிடுவார். நிஜ எண்களை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, கோப்பின் எடை. கடற்கரையின் ஒவ்வொரு வளைவும் உள்ள எல்லைக் கோப்பைக் கைப்பேசியில் திறந்தால் திணறும். ஆரில் எல்லைக் கோப்புகளைக் கையாளும் எஸ்எஃப் பேக்கேஜில் இருக்கும் சுருக்கும் கட்டளை ஒவ்வொரு மாவட்டத்தையும் தனித்தனியாகச் சுருக்குவதால் பக்கத்து மாவட்டங்களுக்கு இடையே கீறல் விழும். ஆர்மேப்ஷேப்பர் என்ற பேக்கேஜ் பொது எல்லையைப் பொதுவாகவே வைத்துச் சுருக்குகிறது.

இன்னொரு சிக்கல் எல்லாக் கருவிக்கும் பொது. 2011-ல் 32 மாவட்டங்கள், இன்று 38. புதிய எல்லைக் கோப்பில் பழைய எண்களைப் பூசினால் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை ஆறும் வெறுமையாக நிற்கும். பழைய வேலூரின் எண், சுருங்கிப்போன இன்றைய வேலூரின் மேல் ஏறி உட்காரும். ராணிப்பேட்டையையும் திருப்பத்தூரையும் வேலூரோடு மீண்டும் ஒட்டிக்கொள்ளலாம். அதற்கான கட்டளை ஜியோபாண்டாஸில் டிஸால்வ், ஆரில் எஸ்எஃப்போடு குரூப் பை, சம்மரைஸ். இரண்டும் ஒரே வரி, இரண்டும் நம்பகம். ஆனால் 2018-ல் சென்னை மாவட்டம் திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதிகளைச் சேர்த்துக்கொண்டு 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஒட்டுவதால் அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. 2011-க்கான எல்லைக் கோப்பையே தேடி எடுக்க வேண்டும்.