கணப்புக்குள் செராமிக் பிளாங்கட்: வாங்கலாம், ஆனால் தகட்டோடு

நுவரெலியா, ஹப்புத்தளைப் பக்கத்துப் பழைய பங்களாக்களில் கணப்புக்குள் இன்சர்ட் (கணப்பின் பொந்துக்குள் செருகும்) விறகடுப்பு வைத்தவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: அடுப்பு கொதிக்கிறது, அறை சூடாவதில்லை. சூட்டில் ஒரு பங்கைப் பின்னாலுள்ள கருங்கல் சுவர் குடித்துவிடுகிறது, இன்னொரு பங்கு புகைபோக்கிக்குள் ஏறிவிடுகிறது.

இதற்கு 25 மி.மீ. தடிப்பு, கனமீட்டருக்கு 128 கிலோ அடர்த்தி, 1260 பாகை செல்சியஸ் தரமுள்ள செராமிக் ஃபைபர் பிளாங்கட் (செராமிக் இழையாலான போர்வை) நல்ல பொருள். பசை சேர்க்காமல் ஊசியால் பின்னியது என்பதால் முதல் நெருப்பில் நாறாது. ராக்வூல் (கல் இழைப் பஞ்சு) மலிவு, தாங்கவும் தாங்கும். ஆனால் அதிலுள்ள பசை கருகி சில நாளைக்கு வீடு முழுக்க மணக்கும். சீலிங்குக்குப் போடும் அலுமினியத் தாள் ஒட்டிய கிளாஸ்வூலை (கண்ணாடி இழைப் பஞ்சை) இங்கே கொண்டுவரவே கூடாது.

36 அங்குல அகலம், 30 உயரம், 20 ஆழமுள்ள கணப்புக்கு முதுகு, இரு பக்கம், புகைபோக்கித் தொண்டையை அடைக்கும் மேல் தகடு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 21 சதுர அடி. 7.2 மீட்டர் நீளம், 61 செ.மீ. அகலமுள்ள ஒரு ரோல் இரண்டு அடுக்குக்குப் போதும். அடிக்கு ஒரு ஸ்டெயின்லெஸ் திருகும் வாஷரும் போட்டுப் பிடியுங்கள். இறுக்கி அமுக்கினால் நடுவிலுள்ள காற்று போய்விடும், சூட்டைத் தடுப்பது அந்தக் காற்றுதான். வெட்டும்போது முகமூடி, முழுக்கைச் சட்டை, கண்ணாடி கட்டாயம். அதன் தூசி நுரையீரலுக்குக் கெடுதி.

இந்தப் பொருளால் மட்டும் காரியம் ஆகாது. புகைபோக்கியின் தொண்டையில் இரும்புத் தகடு அடித்து, 6 அங்குல லைனருக்கு (அடுப்புப் புகையை மேலே கொண்டுபோகும் உட்குழாய்க்கு) மட்டும் துளை விட்டு, சுற்றிலும் நெருப்பு சீமெந்து பூசி, அதன் மேல் பிளாங்கட் விரிக்கவேண்டும். தகடில்லாத வேலை பாதி வேலை. இன்சர்ட்டின் காற்றுச் சந்துகளை அடைத்துவிட்டால் அடுப்பே சூடேறி வளைந்துபோகும்.

பரிசோதிக்க வருகிறவர் முதலில் தேடுவது அடுப்பின் தகவல் பட்டையை; அதை மூடாதீர்கள். லைனர் அடுப்பிலிருந்து உச்சி மூடிவரை ஒரே நீளமாக இருக்கிறதா, இணைப்புக்கு மூன்று திருகு உண்டா, கணப்புக்கு மேலுள்ள மரத் தட்டுக்கும் அடுப்புக்கும் கையேட்டில் சொன்ன இடைவெளி இருக்கிறதா என்றும் பார்ப்பார். குளிருக்கு ஜன்னலைச் சாத்தும் வீடுகளில் கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒன்றும் வேண்டும்.

பொருத்திய பிறகு பிளாங்கட்டின் பெரிய பலவீனம் ஈரம். உச்சி மூடி ஒழுகினால் மழைநீரை உறிஞ்சிப் பாரமாகித் தொங்கும், கீழே தகடு துருப்பிடிக்கும். ரோல் வாங்குமுன் கூரைக்கு ஏறி மூடியைப் பாருங்கள். பச்சை டர்பன்டைன் மர விறகை விட்டு, நன்றாகக் காய்ந்த மிலாறு (கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளை) எரியுங்கள். லைனரில் தார் அவ்வளவு படியாது.