பிளாஸ்மா டேபிளுக்குக் கன்ட்ரோல் பேனல்: 5 வோல்ட்டா, 24 வோல்ட்டா?

மர ரவுட்டரில் வருடக்கணக்கில் தொந்தரவு தராமல் ஓடிய பேனலைக் கழற்றி, பிளாஸ்மா ஆர்க்கால் தகடு வெட்டும் சிஎன்சி மெஷினான பிளாஸ்மா டேபிளில் மாட்டிப் பாருங்கள். முதல் துளை போடும்போதே "லிமிட் அடித்துவிட்டது" என்று மெஷின் நின்றுவிடும். ஓட்டத்தின் எல்லையில் உள்ள லிமிட் சுவிட்சை எதுவும் தொட்டிருக்காது. டார்ச் பற்றும் நொடியில் கேபிளில் ஏறிய நாய்ஸைத்தான் (வேண்டாத மின்துடிப்பை) கன்ட்ரோலர் லிமிட் என்று எடுத்துக்கொண்டிருக்கும். அதனால் இந்த வேலைக்குப் பொருள் வாங்கும்போது வேகத்தையும் விலையையும் பிறகு பார்க்கலாம். நாய்ஸைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

கணக்குக்கு ஒரு டேபிளை எடுத்துக்கொள்வோம்: 4 அடிக்கு 4 அடி, கேன்ட்ரியின் (டார்ச்சைச் சுமந்து நகரும் பாலத்தின்) இரு பக்கமும் மோட்டார், மொத்தம் நான்கு நெமா 23 ஸ்டெப்பர், அவற்றை ஓட்ட நான்கு டிஎம்542 டிரைவ், 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ். வீட்டுப் பட்டறைகளில் இதற்கு இரண்டு வகைப் பேனல்தான் அதிகம் போட்டியிடுகின்றன. ஒன்று, கம்ப்யூட்டரின் பேரலல் போர்ட் சிக்னலைப் பிரித்துத் தரும் பிரேக்அவுட் போர்டு, விண்டோஸில் ஓடும் மாக்3 மென்பொருள், டார்ச் உயரத்தைக் கட்டுப்படுத்தும் தனி டிஎச்சி பெட்டி. மற்றது, மெசா 7ஐ76இ ஈதர்நெட் கார்டு, லினக்ஸ்சிஎன்சி மென்பொருள், ஆர்க் வோல்ட்டேஜை அளக்கும் டிஎச்கேட் கார்டு. முதல் வகையில் லிமிட் சுவிட்சுகள் 5 வோல்ட்டில் ஓடும். இரண்டாவதில் 24 வோல்ட்டில்.

சுவிட்ச் கம்பியில் என்ன நடக்கிறது

5 வோல்ட் டிடிஎல் இன்புட்டில் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பூஜ்யம், 2 வோல்ட்டுக்கு மேலே போனால் ஒன்று. ஐந்து மீட்டர் லிமிட் கேபிள் டார்ச் கேபிளோடு சேர்ந்து ஒரே டிராக் செயினில் போனால், ஓரிரு வோல்ட் துடிப்பு ஏறுவது பெரிய விஷயமே இல்லை. பிஎல்சி (தொழிற்சாலைக் கன்ட்ரோலர்) வகை 24 வோல்ட் இன்புட் அப்படி எளிதில் ஏமாறாது. 15 வோல்ட்டைத் தாண்டினால்தான் நிச்சயமாக "ஆன்", 5 வோல்ட்டுக்குக் கீழே வந்தால்தான் நிச்சயமாக "ஆஃப்". கூடவே சில மில்லிஆம்ப் கரண்டும் ஓட வேண்டும். வெற்று நாய்ஸுக்கு அந்தத் தெம்பு அரிது. இரும்புத்தூள் படிந்த சுவிட்ச் காண்டாக்டும் 24 வோல்ட்டில் ஒழுங்காகப் பேசும்.

5 வோல்ட் பேனல்காரர்கள் வழக்கமாகச் செய்யும் வைத்தியம் மாக்3-இல் டிபௌன்ஸை, அதாவது சிக்னலை நம்புமுன் காத்திருக்கும் நேரத்தை, ஏற்றுவது. அதன் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே ஓர் அலகு சுமார் 40 மைக்ரோசெகண்ட். 2000 என்று வைத்தால் 80 மில்லிசெகண்ட். நிமிடத்துக்கு 6000 மில்லிமீட்டரில் ஓடும் கேன்ட்ரி, லிமிட்டைத் தொட்ட செய்தி கன்ட்ரோலருக்குப் போய்ச் சேர்வதற்குள் 8 மில்லிமீட்டர் தாண்டிவிடும். தகட்டை டார்ச் முனை தொட்டு உயரம் பார்க்கும்போது, நிமிடத்துக்கு 1500-இல் இறங்கினாலும் 2 மில்லிமீட்டர் கூடுதலாக அழுத்தும். மெல்லிய தகடு வளைந்துபோய் பியர்ஸ் (துளையிடும்) உயரமே தப்பாகிவிடும்.

24 வோல்ட் பக்கமும் ஒரு பொறி உண்டு. கடையில் கேட்டவுடன் கையில் கிடைப்பது என்பிஎன் (மைனஸை இணைக்கும் வகை), நார்மலி ஓப்பன் பிராக்சிமிட்டி சென்சார் (தொடாமலே உலோகத்தை உணர்வது). 7ஐ76இ இன்புட்டுக்குப் பிளஸ் வோல்ட்டேஜ் வர வேண்டும், ஆகவே பிஎன்பி வகைதான் நேரடியாகப் பொருந்தும். அதிலும் நார்மலி குளோஸ்டு கேட்டு வாங்குங்கள்; கம்பி அறுந்தால் மெஷின் நிற்கும். நார்மலி ஓப்பனில் அறுந்த கம்பி, கேன்ட்ரி முட்டும் வரை ஊமையாக இருக்கும். அதே சென்சாரை 5 வோல்ட் பேனலில் போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அவற்றில் பெரும்பாலானவை 6 வோல்ட்டுக்கு மேல் வேலை செய்யத் தயாரித்தவை. 5 வோல்ட்டில் ஒரு நாள் ஓடும், மறுநாள் ஓடாது.

மாக்3-இன் பேரலல் போர்ட் டிரைவர் 32 பிட் விண்டோஸில்தான் ஓடும். இதற்காகவே பழைய கம்ப்யூட்டரைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

உயரக் கட்டுப்பாடு

டார்ச் தகட்டிலிருந்து உயர்ந்தால் ஆர்க் வோல்ட்டேஜும் ஏறும்; டிஎச்சி உயரத்தைக் கணிப்பது அதை வைத்துத்தான். வெட்டும்போது ஆர்க் வோல்ட்டேஜ் பொதுவாக 100 முதல் 150 வரை. 120 வோல்ட் என்று வைத்தால், அதை 50-இல் ஒரு பங்காகக் குறைக்கும் 50:1 டிவைடரில் வெளியே வருவது 2.4 வோல்ட், 20:1-இல் 6 வோல்ட். ஆர்க்கில் ஒரு வோல்ட் மாறினால் முதலாவதில் 20 மில்லிவோல்ட், இரண்டாவதில் 50 மில்லிவோல்ட். நாய்ஸ் நடுவே 20 மில்லிவோல்ட்டைத் தேடுவது வீண் வேலை. மறுமுனை தாங்குமானால் 20:1-ஐயே வையுங்கள். டிஎச்கேட் வோல்ட்டேஜை அதிர்வெண்ணாக மாற்றி அனுப்புவதால் கேபிள் நீளம் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. அதைப் பிளாஸ்மா மெஷின் பக்கமே வைத்துவிடலாம்.

முதல் வகையின் தனி டிஎச்சி பெட்டி கம்ப்யூட்டருக்கு "மேலே", "கீழே" என்று மட்டும் சொல்லும். மூலையில் கேன்ட்ரி வேகம் குறையும்போது வெட்டு அகலமாகி வோல்ட்டேஜ் ஏறும்; டார்ச் உயர்ந்துவிட்டதாக நினைத்துப் பெட்டி அதைத் தகட்டில் இறக்கிவிடும். வோல்ட்டேஜும் வேகமும் ஒரே இடத்தில் தெரிந்தால் அந்த நேரத்தில் டிஎச்சியை முடக்குவது சுலபம். லினக்ஸ்சிஎன்சியின் பிளாஸ்மா பகுதியான க்யூடிபிளாஸ்மாசி இதைத் தானே செய்கிறது. என் தீர்ப்பில் இரண்டாம் பேனலை வாங்க இது ஒன்றே போதும்.

ஹைப்பர்தெர்ம் பவர்மேக்ஸ் 45 எக்ஸ்பி போன்ற மெஷினில் சிஎன்சி சாக்கெட்டிலேயே எல்லாம் வந்துவிடும்: 3, 4 பின்கள் ஸ்டார்ட், 5, 6 டிவைடர் வோல்ட்டேஜ், 12, 14 ஆர்க் பிடித்ததற்கான காண்டாக்ட். மலிவு மெஷினில் மூடியைத் திறந்து ஆர்க் வோல்ட்டேஜை எடுக்க வேண்டும். அது உயிரை வாங்கும் அளவு டிசி. டிவைடர் ரெசிஸ்டர்களை இரு கம்பியிலும் பிரித்து மெஷினுக்கு உள்ளேயே போட்டுவிட்டுத்தான் கேபிளை வெளியே எடுக்க வேண்டும்.

எச்எஃப் ஸ்டார்ட் (உயர் அதிர்வெண் பொறியால் பற்றும்) மெஷின் என்றால் 5 வோல்ட் பேனலை மறந்துவிடுங்கள். எலக்ட்ரோடும் நாசிலும் தொட்டு, காற்றழுத்தத்தால் விலகிப் பற்றும் வகை எத்தனையோ மேல்.

பவர் சப்ளை

டிஎம்542-இன் எல்லை 50 வோல்ட் டிசி. 32 வோல்ட் டொராய்டு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி ரெக்டிஃபை செய்தால் (டிசியாக மாற்றினால்) 45 வரும், சரிதானே என்று தோன்றும். நம்மூர் லைன் 10 சதவீதம் ஏறி, மோட்டாரும் சும்மா நின்றால் 50-ஐத் தாண்டிவிடும். டொராய்டுதான் வேண்டும் என்றால் 30 வோல்ட் போதும். 48 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸில் லைன் ஏற்ற இறக்கம் பாதிக்காது, ஆனால் கேன்ட்ரி பிரேக் அடிக்கும்போது மோட்டார் திருப்பி அனுப்பும் வோல்ட்டேஜால் சப்ளை டிரிப் ஆகலாம். அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை 46-க்கு இறக்கி வைத்தால் பெரும்பாலும் தீரும். மீன்வெல் எல்ஆர்எஸ்-350-48 (7.3 ஆம்ப்) இரண்டு வாங்கி இரண்டு இரண்டு டிரைவாகப் பிரிப்பது என் தேர்வு. பக்கவாட்டில் உள்ள 115/230 சுவிட்சைப் பார்க்காமல், அது 115-இல் இருக்கும்போது லைன் கொடுத்தால் வெடிக்கும்.

பெட்டி

பிளாஸ்டிக் பெட்டி வேண்டவே வேண்டாம். இரும்புப் பெட்டியிலும் அளவு முக்கியம். டிரைவ், சப்ளை எல்லாம் சேர்ந்து 70 வாட் வெப்பம் என்று கொண்டால், 600×400×200 மில்லிமீட்டர் மூடிய பெட்டியின் உள்வெப்பம் வெளியைவிட 20 டிகிரி ஏறும். 800×600×250-இல் சுமார் 11 டிகிரி. சித்திரை வெயிலில் சின்னப் பெட்டிக்குள் 58 டிகிரி. ஃபேன் போட்டால் குளிரும், ஆனால் கரண்டு கடத்தும் இரும்புத்தூளையும் உள்ளே இழுக்கும். பெரிய பெட்டி, ஃபேன் இல்லாமல்.

எர்த் ஒரே ஸ்டட்டில் சேரட்டும், அதன் அடியில் பெயின்டைச் சுரண்டுங்கள். கதவுக்குத் தனிக் கம்பி. ஷீல்டைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். எமர்ஜென்சி பட்டனின் ஒரு காண்டாக்ட் சப்ளைகளின் ஏசி லைனில் உள்ள கான்டாக்டர் காயிலையும், இன்னொன்று டார்ச் ஸ்டார்ட் கம்பியையும் அறுக்க வேண்டும். கன்ட்ரோல் கார்டின் சப்ளையைத் தொடக் கூடாது.

முதல் சோதனையில் மோட்டாரை ஓட்டாதீர்கள். கேன்ட்ரியை நிறுத்தி வைத்து, கழிவுத் தகட்டின் மேல் பத்து முறை டார்ச்சைப் பற்றவைத்துத் திரையில் லிமிட் விளக்குகளைப் பாருங்கள். ஒன்று மினுக்கினாலும் அந்தக் கம்பியை டார்ச் கேபிளிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டிவிட்டு, மறுபடி பத்து முறை.